இறக்காத குண்டான்

செம்பருத்தி உடம்புக்குக் குளிர்ச்சி என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அரைத்துத் தலைக்குத் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள், வெறும் வயிற்றில் பூவை மெல்லச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதை, அடிக்கிற மனுஷனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள்.

திண்டிவனத்தில் ஜவுளிக்கடையில் என்னோடு நிற்கிறவர்களே, ஹாஸ்டலில் பக்கத்துப் பாயில் படுக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அம்மா செத்ததற்கு நீங்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். "உங்கம்மா பொறுமசாலியாமே" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான், கோர்வையாகப் பேச வராது. முன்னே பின்னே போனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு விழுப்புரம் போயிருந்தேன் இல்லையா, அன்றைக்குப் பந்தி முடிந்ததும் என் அத்தை கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, இதே திண்டிவனத்துக்காரி. என் தம்பியின் பெண்டாட்டி எச்சில் இலை எடுக்க வந்தாள். கல்யாணமாகி வருஷம்கூட ஆகாத பெண். இடது கன்னம் வீங்கியிருந்தது. பவுடரை அப்பியிருந்தாள்.

"இன்னாடி கன்னத்துல?" என்றாள் அத்தை.

"பல்லு வலி பெரியத்த."

அத்தை சிரித்தாள். "அந்தப் பல்லு வலிலாம் எனக்கும் வந்து போயிருக்குதுடி. உக்காரு இப்டி. உன் புருஷனுக்கு அவங்கப்பன் ஒடம்பு. உஷ்ண ஒடம்பு. அவன் மேல தப்பு இல்ல. செம்பருத்தி பூ போட்டு தண்ணி வச்சி குடு. சுக்கு, ஏலக்கா போட்டு வையி. உன் மாமனாரு எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா? அவரையே அந்தத் தண்ணிதான் மாத்திட்சி. கேட்டுப் பாரு, இதோ நிக்குறா அவரு பொண்ணு."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா அண்ணி?" என்றாள். பிறகு அத்தையிடம், பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி, "மொளகு எத்தினி போடணும் பெரியத்த?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்க அந்த ஒரு கேள்விதான் ஓடியது.

அப்பா கொத்தனார். வானூர்ப் பக்கம் எங்கே கட்டடம் நடந்தாலும் போவார். அம்மா சித்தாள். விழுப்புரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு. அப்பா சாராயம் தொடமாட்டார். பீடி கிடையாது. வெளியில் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மேஸ்திரி திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். தெருவில் எல்லாரும் "தங்கமான ஆளு" என்பார்கள்.

வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதன் பிறகுதான் எங்களுக்குப் பயம். சோற்றில் கல், குடத்தில் தண்ணீர் குறைவு, தம்பியின் அழுகை, எதுவும் போதும். ஒரு நாள் எதுவுமே இல்லை. அம்மா சும்மா உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். "இன்னா, ராணி மாதிரி உக்காந்துக்கினு இருக்க?" என்று சீப்பைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் இழுத்தார். சீப்பின் பல் பல்லாய்க் கோடு விழுந்தது. அம்மா மறுநாள் அந்த முகத்தோடு செங்கல் சுமக்கப் போனாள்.

சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மட்டக்கோல் வைத்திருப்பார்கள், நீளமான மரச்சட்டம். அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கும். அப்பா அதை எடுத்தால் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் கால்கள் மட்டும் தெரியும். அம்மா கத்தமாட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். கத்தினால் தெருவே கேட்கும், கேட்டால் அதற்கும் அடி. சட்டம் உடம்பில் விழுகிற சத்தம், துணி துவைக்கிற சத்தம் மாதிரியே இருக்கும். இன்றைக்கும் ஹாஸ்டலில் யாராவது கல்லில் அடித்துத் துவைத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேனே, ஏன் என்று கேட்பீர்கள். அதுதான்.

குடித்துவிட்டு அடிக்கிறவன் என்றால் ஊருக்கு ஒரு பதில் இருக்கும். குடிக்காதவன் அடித்தால் என்ன சொல்வது? அத்தைதான் பதில் கண்டுபிடித்தாள்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த சமயம். நான் ஐந்தாவது முடித்து லீவில் இருந்தேன். அத்தை திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள். அங்கே நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் தன் தம்பியைப் பற்றி, அதாவது அப்பாவைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"சூடு. எல்லாம் சூடு," என்றாள் அம்மாவிடம். "காலைலேந்து வெயில்ல நின்னுக்கினு செவுரு கட்டறான். சூடு தலைக்கு ஏறிக்கிது. சாயந்தரம் வந்து யார் மேலயாவது எறக்கணும் இல்ல? ஒடம்ப குளுர வைடி, கை தானா எறங்கும்."

அதே வெயிலில் அம்மாவும் நின்றாள். அம்மா தலையில் செங்கலும் இருந்தது. அவளுக்கு ஏன் சூடு ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது. நோய் என்று ஒன்று இருந்தால் மருந்து என்று ஒன்று இருக்கும் இல்லையா.

பூப் பறிக்கிற வேலை என்னுடையது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் யாரோ பெயர்த்துப் போயிருந்தார்கள். வாசலில் இருந்த செம்பருத்திச் செடியை யாராலும் பெயர்க்க முடியவில்லை. வீட்டை விட உயரமாக வளர்ந்திருந்தது. ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ. வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். பாவாடையில் கட்டிக்கொண்டு ஓடிவருவேன். காம்பையும் பச்சைத் தொப்பியையும் கிள்ளிப் போட்டு, நடுவில் இருக்கிற மகரந்தக் குச்சியை உருவி எறிய வேண்டும். அந்தக் குச்சியை நெற்றியில் ஒட்டினால் ஒட்டும். தம்பி மூக்கில் ஒட்டிக்கொண்டு கோழி மாதிரி கொக்கரிப்பான். அம்மா சிரிப்பாள். உதடு வெடித்திருந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும் முதல் வேலை இதுதான். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, மிளகு எல்லாவற்றையும் ஒன்றிரண்டாய்த் தட்டி, பனைவெல்லத்தோடு குண்டானில் போட்டுக் கொதிக்க விடுவாள். வெறும் பூத் தண்ணீர் கொடுத்தால் அப்பாவுக்குச் சளி கட்டும், அதற்காக இந்தச் சாமான்கள். அலுமினியக் குண்டான், ஒரு பக்கம் நசுங்கியது. அது ஏன் நசுங்கியது என்று சொல்லத் தேவையில்லை. வெல்லமும் ஏலக்காயும் கொதிக்கிற வாசனை தெரு வரைக்கும் போகும். போகிறவர்கள் "இன்னா, வூட்ல விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

முக்கியமானது ஒன்று. குண்டானை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பூவைப் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் வழவழவென்று ஆகி, கசந்தும் போகும். இறக்கி, பூவைப் போட்டு, தட்டு மூடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் இதழெல்லாம் வெளுத்துவிடும். தண்ணீர் ஒரு மாதிரி கருநீலமாய், அழுக்குத் தண்ணீராய் நிற்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் அந்த நொடியே பளிச்சென்று சிவப்பு. அதைப் பார்க்கத்தான் நானும் தம்பியும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்போம்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார்: "எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேங்க" என்று அம்மா சொன்னால் உள்ளே வந்து உட்கார்ந்து குடிப்பார். "கொதிக்குதுங்க" என்று சொன்னால் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும்.

முதல் வாரம் அவர் அடிக்கவில்லை. கடவுளே, அந்த வாரத்தை நான் மறக்கமாட்டேன். அப்பா குடித்து முடித்து, மீசையைத் துடைத்து, "நல்லாத்தான் கீது" என்றார். தம்பியைத் தோளில் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். அம்மா சாப்பிடும்போது கதவைப் பார்க்காமல் சாப்பிட்டாள். நான் குவார்ட்டர்ஸ் செடியிடம் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், சாமிக்குப் போடுவது மாதிரி.

அப்புறம் ஒரு நாள் குடித்து முடித்த டம்ளராலேயே அம்மாவின் வாயில் குத்தினார். பல் ஒன்று ஆடிப்போய் மறுநாள் கையோடு வந்தது. காரணம் எனக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் ஓட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மா மேல் வழிந்தது ரத்தமா, பூத் தண்ணீரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே நிறம்.

செய்தி கேட்டு அத்தை வந்தாள். விசாரணை நடந்தது. அப்பாவை இல்லை, மிளகை.

"மொளகு எத்தினி போட்ட?"

"ஒரு சிட்டிக அண்ணி."

"சிட்டிகன்னா? உன் கை இன்னா, அளவா? மொளகு சூடுடி. சுக்கு சூடு. நீ குளுர வக்கிறியா, கொளுத்தி வுடறியா? அதான் ஏறிக்கிட்சி அவனுக்கு."

"மொளகு போடலன்னா சளி கட்டுதுன்னு திட்றாரே அண்ணி."

"கட்டினா கட்டட்டும். சளில யாரும் சாவல."

மிளகை நிறுத்தினாள். இருமல் வந்தது என்று அடித்தார். மிளகைச் சேர்த்து சுக்கை நிறுத்தினாள். எதிர்வீட்டு அக்கா வந்து, "பட்டைதான் சூடு, அதை எடு" என்றாள். எடுத்தாள். ஒரு நாள் ஒற்றை அடுக்கு கிடைக்காமல் கோயில் பக்கத்திலிருந்து அடுக்குச் செம்பருத்தி பறித்துவந்துவிட்டேன். அன்றைக்கும் அடி விழுந்தது. அத்தை, "அடுக்கு பூவுல மருந்தே இல்லடி, அது வெறும் அழகுக்கு" என்றாள். அதன் பிறகு அடிக்கு நானும் ஒரு காரணம் ஆனேன். பூவை ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பறிப்பேன். பூச்சி அரித்த இதழ் இருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். இந்த ஓட்டை வழியாகத்தான் இன்றைக்கு அடி வரப்போகிறது என்று நினைப்பேன். சிரிக்காதீர்கள். அந்த வயதில் உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கும்.

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் அம்மாவைக் கேட்டாள். "நீயே இத நம்பறியாக்கா?"

அம்மா ஏலக்காயைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "நம்பறது எங்க? பண்றேன். பண்ணலன்னு வையி, அதுக்கு ஒரு அடி."

இந்தப் பேச்சை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அப்போது எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. நம்பிக்கை இல்லாமல் செய்கிறாள், அதனால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று.

அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்றைக்கு அம்மா வேலை செய்த இடத்தில் கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் நாளில் சீக்கிரம் விடமாட்டார்கள். இருட்டப்போகிற நேரத்தில் அம்மா ஓடிவந்து, முகம்கூடக் கழுவாமல் குண்டானை வைத்தாள். சிமெண்டுக் கையோடு ஏலக்காய் தட்டினாள். தண்ணீர் அப்போதுதான் கொதி வந்தது. வாசலில் செருப்புச் சத்தம்.

"எறக்கிட்டியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். தட்டில் இருந்த பூவை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரிலேயே போட்டு, எலுமிச்சம் பழத்தையும் அதிலேயே பிழிந்துவிட்டாள். இறக்காமல் பூ போட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். குண்டான் முழுக்கக் கருஞ்சிவப்பாய்ப் பொங்கியது.

"கொதிக்குதுங்க. இதோ ஆயிட்சி."

அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். உள்ளே வந்து குண்டானை எட்டிப் பார்த்தார். "கொதிக்கசொல்ல பூவ போடுவியா? வெஷம் வக்கிறியா எனக்கு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "அம்மா இப்பதாம்பா வேலலேந்து வந்துச்சி."

அதுவரைக்கும் என்னை அறைந்திருக்கிறார், அதற்கு மேல் செய்ததில்லை. அன்றைக்கு என் சடையைக் கையில் சுற்றிப் பிடித்தார். சுவரில் மோதினார். அவரே பூசிய சுவர், கண்ணாடி மாதிரி வழவழப்பாய் இருக்கும் என்று எல்லாரும் மெச்சுவார்கள். முதல் மோதலில் வலிக்கவில்லை, 'ணங்'கென்று காதுக்குள் ஒரு சத்தம்தான். இரண்டாவதில் புருவம் கிழிந்தது. கண்ணுக்குள் சூடாக ஏதோ இறங்கியது. தம்பி அலறினான். மூன்றாவதுக்கு என் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

அம்மா பிடிதுணி எடுக்கவில்லை. வெறும் கையால் குண்டானை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினாள். கத்தவில்லை, திட்டவில்லை. என் சடையைப் பிடித்திருந்த அந்தக் கை மேலும் தோள் மேலும் மொத்தத்தையும் ஊற்றினாள். சிந்திய சொட்டுகள் என் காலில் விழுந்தன. நான் செருப்புக் கடைக்குப் போனால் காலை மூடுகிற ஷூவாகப் பார்த்து எடுப்பேனே, வலது காலில் இருக்கிற அந்தத் தழும்பை மறைக்கத்தான்.

அப்பா போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. என்னை விட்டுவிட்டு வெளியே ஓடி, தெருவில் விழுந்து புரண்டார். தெரு கூடிவிட்டது. தோளிலிருந்து இடுப்பு வரை சிவப்பு. "வெட்டிட்டாடோய்! புருஷன வெட்டிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். நான் வாசலில் நின்றேன், என் முகத்திலும் சிவப்பு. அம்மா குண்டானைப் பிடித்தபடியே வந்து நின்றாள். ஒருவரும் கிட்டே வரவில்லை. அந்தத் தெரு அத்தனை வருஷமாய் எங்கள் வீட்டுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறது, அன்றைக்குத்தான் வெளியே வந்து பார்த்தது.

எதிர்வீட்டு அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யோவ், ஏலக்கா வாசன வருதுய்யா."

ஷேர் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் அம்மாவும் அதிலேயே போனோம். நர்சம்மா அப்பாவின் தோளிலிருந்து இதழ்களை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டாள். தோலும் சேர்ந்து வந்தது. ஒரு கிராம்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? பிரியாணியா?"

அம்மா சொன்னாள். "செம்பருத்தி தண்ணிங்க. ஒடம்பு சூட்டுக்கு வச்சது."

"சூட்டுக்கா?" என்றாள் நர்சம்மா. என் புருவத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு இதழ் எடுக்கிற வேகம் கொஞ்சம் கூடிவிட்டது மாதிரி எனக்குத் தோன்றியது.

எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தபடி, "கை தவறி கொட்டிக்கினேன் சார்" என்றார். அவர் அம்மாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் ரொம்ப நாள் நினைத்தேன். இல்லை. பெண்டாட்டி ஊற்றினாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். உள்ளங்கையிலும் விரல்களிலும் தோல் முழுக்கக் கொப்புளம். அவள் கைரேகை அதோடு போயிற்று. பின்னாளில் ரேஷன் கடை மெஷினில் அவள் விரல் வைத்தால் எடுக்காது.

அத்தை இளநீரோடு வந்தாள். அம்மாவைத் திட்டித் தீர்த்தாள், மண்ணை வாரித் தூற்றினாள். அப்பாவின் கை ஆறி, அவர் மறுபடி சாந்து பூசுகிற கரணை பிடிக்க மாதங்கள் ஆயின. அந்தக் கையின் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, விரல்கள் முழுசாய் மடங்காமல் போயிற்று. பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை. அத்தை அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "உள்ள குடிச்சி எறங்காத சூடு, மேல பட்டதும் எறங்கிட்சி பாத்தியா. பூவோட மகிமை." சொல்லிச் சொல்லி, ஊற்றியதை அவளே மறந்துவிட்டாள். மிஞ்சியது பூவும் மகிமையும் மட்டும்.

பூ நின்றுபோயிற்று, அன்றைக்குப் பிறகு அம்மா அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே இல்லை. குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள், செடியோடு.

நின்றுபோகாதது குண்டான்.

அப்பா வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் எங்கள் அடுப்பில் அந்த நசுங்கின குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீர். சோறு ஆனபிறகும் கொதிக்கும், சித்திரை வெயிலிலும் கொதிக்கும். வற்றினால் ஒரு செம்பு ஊற்றுவாள். "சிலிண்டர நாசம் பண்றாளே, பைத்தியக்காரி" என்று அத்தை கத்துவாள். அம்மா, "குடிக்கறதுக்கு வெந்நி வேணும் இல்ல அண்ணி" என்பாள். தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிற சுத்தக்காரி என்று தெருவில் பேர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா அதற்குப் பிறகு சமையல்கட்டுக்குள் கால் வைத்ததில்லை. நிலைப்படியோடு நின்றுவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பழையபடி கேட்பார், "எறக்கிட்டியா?" என்று. அம்மா உள்ளேயிருந்து, "கொதிக்குது" என்பாள். "ங்க" போய்விட்டது, அந்த ஒரு சொல் மட்டும்தான் மிஞ்சியது. அவர் கூடத்திலேயே உட்கார்ந்துகொள்வார். புருஷன் காப்பிக்கு ஆசையாய்க் கேட்கிறான் என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

அவளை நீங்கள் பொறுமைசாலி என்றீர்கள். காவல்காரனைப் பொறுமைசாலி என்று யாராவது சொல்வார்களா? அத்தனை வருஷம் அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட அவள் அசந்து தூங்கி நான் பார்த்ததில்லை.

அவள் செத்ததும் அங்கேதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்திருக்கிறாள். தம்பியும் பெண்டாட்டியும் வெளியே போயிருந்தார்களாம், கூடத்தில் இருந்த அப்பா நிலைப்படியைத் தாண்டவில்லை. தண்ணீர் வற்றி, குண்டான் தீய்ந்து, அந்த நாற்றத்தில்தான் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து பார்த்திருக்கிறாள். நான் திண்டிவனத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் குண்டானை யாரோ எடுத்துப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார்கள். அடியில் ஓட்டை விழுந்துவிட்டதாம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இனி, காரியத்துக்கு மறுநாள் நடந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள், அத்தையும் பஸ் ஏறிவிட்டாள். தம்பி பெண்டாட்டி ஒரு தட்டு நிறையச் செம்பருத்தி வாங்கி வைத்திருந்தாள். பூக்காரியிடம் சொல்லிவைத்து வாங்கினாளாம். புதுக் குண்டானில் தண்ணீர் வைத்து, சுக்கு, ஏலக்காய் எல்லாம் தட்டிப் போட்டாள்.

"மொளகு போடட்டா அண்ணி?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பூவை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, உங்களுக்குச் சொன்ன அத்தனையும் சொன்னேன். பாவாடையைத் தூக்கிக் கால் தழும்பைக் காட்டினேன். நடுவில் ஒரு தடவை மட்டும் அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

கூடத்தில் தம்பியின் குரல் கேட்டது. "என் சார்ஜர எங்க வச்ச? உன்னத்தான் கேக்கறேன்! உள்ள இன்னா அரட்ட?" நாற்காலி ஒன்று உருண்டு விழுகிற சத்தம். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின. அந்தத் தோளை எனக்குத் தெரியும்.

அப்பா நிலைப்படி ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா போனதிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பேசியதைக் கேட்டாரா, தெரியாது. தம்பி விறுவிறுவென்று நடந்து வருவது தெரிந்தது. அப்பா, அடுப்பில் சத்தம் கேட்ட பழக்கத்திலோ என்னவோ, எங்களைப் பார்க்காமலே கேட்டார்.

"எறக்கிட்டியா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து நின்றாள். பிடிதுணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இல்ல மாமா. கொதிக்குது."

தம்பியின் கால் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் அப்பா கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தார். அந்தக் கையால்தான், விரல் மடங்காத கையால். துணி நழுவ, மறு கையையும் போட்டுப் பிடித்தார்.

"நில்லுடா."

"வுடுப்பா. என் வூட்டு சமையல்கட்டுல நான் போவக்கூடாதா?"

"கொதிக்குதுன்னு சொல்றா இல்ல?" என்றார் அப்பா. "கொதிக்குதுன்னா போவக்கூடாதுடா. நான் போனதில்ல."

தம்பி அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு அந்தக் கையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்க்கிற கை. அன்றைக்கு அவன் சின்னப் பிள்ளை, கை தவறிக் கொட்டிக்கொண்டது என்றுதான் அவனுக்கு ஞாபகம். அடுப்பு முன்னால் நிற்கிறவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா பேஜாரா கீது," என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் கூடத்துக்குத் திரும்பினான். விழுந்த நாற்காலியை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது.

கிள்ளிய பூவெல்லாம் தட்டிலேயே இருந்தது. இறக்கினால்தானே பூ போட முடியும். தண்ணீர் வற்றத் தொடங்கியபோது அந்தப் பெண் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குண்டானில் ஊற்றினாள்.